வெந்நீர் ஓடும் ஊர்

தில்லிக் குளிரைப் பற்றித் தெற்கே இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குளிர் தெருவைவிட வீட்டுக்குள்தான் அதிகம். ஜனவரி மதியத்தில் மொட்டை மாடி வெயில் அவ்வளவு இதமாக இருக்கும். கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, வேர்க்கடலையும் ஆரஞ்சும் உரித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிடப்பார்கள். மத்திய அரசு அலுவலகங்களின் புல்வெளிகளில் சாப்பாட்டு இடைவேளை நீண்டுகொண்டே போவதும் இந்த வெயிலின் கைங்கரியம்தான். பிறகு படியிறங்கி வீட்டுக்குள் வந்தால் தரை காலைக் கடிக்கும். மே மாதத்து 45 டிகிரியைச் சமாளிப்பதற்கென்று கட்டிய வீடுகள் இவை. கல் தரை, வெயில் எட்டிப் பார்க்காத உள்ளறை, கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. கோடையில் புண்ணியம் கட்டிக்கொள்கிற அத்தனையும் குளிர்காலத்தில் நம்மைப் பழிவாங்கும்.

2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. பதினைந்து ஆண்டுகளில் அதுதான் குறைவு என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. உண்மையில் தில்லிக்காரரை வருத்துவது அந்த விடியற்கால எண் இல்லை. மூடுபனி கவிந்து சூரியனே வராத நாட்களில், பகல் முழுக்க அறைக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே நின்றுவிடும் பாருங்கள், அதுதான். நேற்றுத் துவைத்த பனியன் இன்றும் ஈரமாக இருக்கும். தேங்காய் எண்ணெயை வெந்நீர்ச் சொம்பின் மேல் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். வீட்டுக்குள் குல்லா, மப்ளர், இரண்டு சோடிக் காலுறை. வெளியே கிளம்பும்போது அதில் ஒன்றிரண்டைக் கழற்றி வைப்போம்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நானும் நண்பரும் ஒரு டிசம்பர் கடைசியில் அல்மாட்டிக்குப் புறப்பட்டோம். கஜகஸ்தானின் பெரிய நகரம், 1997 வரை அதன் தலைநகரம். 2022 ஜூலையிலிருந்து இந்தியர்கள் 14 நாட்கள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இண்டிகோவும் தில்லியிலிருந்து நேரடி விமானம் விட்டது. அதன்பிறகு தில்லி இளவட்டங்களுக்கு அது கோவா மாதிரி ஆகிவிட்டது. கையில் இருக்கிற காசில் பனியைப் பார்க்க வேண்டும், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் விழ வேண்டும். நாங்கள் இளவட்டங்கள் இல்லை என்றாலும் கையிருப்பு அந்த அளவுதான். பொங்கல் நெருக்கத்தில் சென்னைக்கு விமானம் ஏறுகிற செலவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தூரத்திலும் அப்படித்தான். தில்லியிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 1,760 கிலோமீட்டர். அல்மாட்டிக்குச் சுமார் 1,640. உலகப்படத்தை எடுத்து 77ஆம் தீர்க்கரேகை மேல் விரலை வைத்துப் பாருங்கள். கன்னியாகுமரி, தில்லி, அல்மாட்டி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். நடுவில் லடாக், தக்லமக்கான் பாலைவனத்தின் மேற்கு ஓரம், தியான் ஷான் மலைத்தொடர், இசிக்குல் ஏரி. விமானம் இந்தக் கோட்டில் போகாது. அவ்வளவு உயரமான மலைகளுக்கு மேல் நெடுநேரம் பறப்பதைத் தவிர்த்து, பாகிஸ்தான் பக்கம் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போகும். அதனால்தான் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் இண்டிகோ தன் அல்மாட்டி சேவையை நிறுத்தியது. பட்டைத்தலை வாத்துகளுக்கு மட்டும் இந்தத் தகராறு கிடையாது. மங்கோலியாவிலும் திபெத்திலும் கிர்கிஸ்தானிலும் கூடு கட்டும் அவை, இமயத்தைக் கடந்து நண்பரின் ஊருக்கு அருகிலுள்ள கூந்தன்குளம் வரை வந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன.

நண்பர் நாங்குநேரிக்காரர். மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர். ஏதோ பயிற்சிக்கென்று தில்லிக்கு வந்தவர், என் வீட்டில் தங்கி, முதல் இரவே ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்ட மறுத்தார். அவர்தான் அல்மாட்டியைச் சொன்னார். பனிக்காக இல்லை. அவருக்கு அங்கே வேறு வேலை இருந்தது.

கோட்டுக்கு நாங்கள் போனது காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் மொனாஸ்டரி மார்க்கெட். திபெத்தியர் கடைகள். கார்த்திகை மாதம் மதுரையிலும் திருச்சியிலும் நடைபாதையில் ஸ்வெட்டர் குவித்து விற்கிறார்களே, அதே சனங்களின் தில்லிச் சந்தை. பிரபலமான மார்க்குப் பெயரைத் தைத்துக்கொண்டு ஒரிஜினலில் கால்வாசி விலைக்குத் தொங்கும் ஜாக்கெட்டுகள். கடைக்கார அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லே ஜானேவாலா ஹை?" (லடாக்கின் லேவுக்கா போகிறீர்கள்?) என்று கேட்டாள். அல்மாட்டி என்றோம். பெயர் அவளுக்குப் புதிதில்லை. மூன்றாவது அடுக்கிலிருந்து தடியான ஒன்றை உருவிப் போட்டாள். பயணத்தில் எங்களுக்கு ஆன அதிகபட்சத் தண்டச் செலவு அதுதான் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஏனென்றால் அல்மாட்டியில் குளிர் வெளியே இருந்தது. வெளியே மட்டும்தான் இருந்தது. மைனஸ் எட்டோ பத்தோ, மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர்தான். ஆனால் நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய சோவியத் காலத்துக் குடியிருப்பின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதியது, சித்திரை மாதத்து நாங்குநேரி. ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு சுவராக, வெள்ளைப் பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு ரேடியேட்டர். அதற்குள் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கோட்டு போயிற்று, ஸ்வெட்டர் போயிற்று, கடைசியில் நண்பர் பனியனோடு உட்கார்ந்து புளியோதரைப் பொடியைச் சோற்றில் பிசைந்துகொண்டே சொன்னார்: "என்ன அநியாயம்வே இது. தில்லியில நீரு குல்லாயோட தூங்குதீரு. இங்க ஐஸ் கட்டியில நடந்து வந்து நான் வேர்த்துக் கொட்டுதேன்."

சூட்டைக் குறைக்கத் திருகாணியைத் தேடினோம். அப்படி ஒன்று இல்லை. வீட்டுக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டே வந்து, பெரிய ஜன்னலுக்குள்ளேயே மேல் மூலையில் இருந்த கையகல ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டுப் போனாள். ஃபோர்த்தோச்கா என்றாள். வெந்நீர் வரும் அளவை அந்த வீட்டில் யாரும் தீர்மானிப்பதில்லை. அதிகமானால் அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அக்டோபர் வாக்கில் நகர நிர்வாகம் சூடேற்றும் பருவத்தைத் தொடங்கிவைக்கும். நகரத்தின் அனல்மின் நிலையங்களில் மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் வெப்பம் தண்ணீரில் ஏறி, பூமிக்கடியிலும் சில இடங்களில் தரைக்கு மேலேயும் போகும் தடித்த குழாய்கள் வழியாகத் தெருத் தெருவாக, மாடி மாடியாகப் போய்ச்சேரும். பேராசிரியர் வீட்டுக்கும் பெட்டிக்கடைக்காரர் வீட்டுக்கும் ஒரே தண்ணீர். ஆளில்லாத வீட்டுக்கும் அதே தண்ணீர். நம் ஊரில் தெருக்குழாய் என்றால் எல்லோருக்கும் பொது என்று ஒரு காலத்தில் இருந்ததே, அந்த மாதிரி, சூடு அங்கே பொது.

இது பெரிய வீண் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். சூட்டை ஜன்னல் வழியே வானத்துக்கு விடுவது என்ன நியாயம் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தில்லியில் ஒரு ராடு ஹீட்டருக்கு முன்னால் முழங்காலைச் சுட்டுக்கொண்டு முதுகு விறைத்து உட்கார்ந்து பழகியவனுக்கு, இந்த வீணில் ஒரு பெருந்தன்மை தெரிந்தது.

நண்பருக்கு இருந்த வேலை மறுநாள் முடிந்தது. நகர மையத்தில், கஜகஸ்தான் ஹோட்டலுக்கு எதிரே குடியரசு அரண்மனை என்றொரு பெரிய அரங்கம் இருக்கிறது. சோவியத் காலத்தில் லெனின் அரண்மனை. 1978 செப்டம்பரில், இந்த ஊர் அல்மா ஆட்டாவாக இருந்தபோது, ஆரம்ப சுகாதாரத்துக்கான உலக மாநாடு இங்கே கூடியது. 134 அரசுகள், 67 உலக அமைப்புகள். 2000ஆம் ஆண்டுக்குள் உலக மக்கள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்று அந்த மாநாடு பிரகடனம் செய்தது. பெரிய மருத்துவமனைகளைக் கட்டிவிட்டு நோயாளி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சனங்கள் வாழும் இடத்துக்கு மருத்துவம் போக வேண்டும், குடிதண்ணீரும் தடுப்பூசியும் பேறுகாலக் கவனிப்பும் அதில் சேரும் என்பது சாரம். பொது சுகாதாரம் படித்த எல்லோரும் தேர்வில் எழுதுகிற விஷயம். நண்பரும் எழுதியிருக்கிறார். பிறகு முப்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்ற கணக்கில் அமைந்த ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நள்ளிரவுப் பிரசவங்களைப் பார்த்தவர்.

அரங்கத்தின் முன்னால் பனியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். முகத்தில் பெரிய பரவசம் ஒன்றும் இல்லை. "2000 போயி எம்புட்டு நாளாச்சு" என்றார். பிறகு, சுகாதார நிலையத்தில் தனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான் என்றார். வருகிறவரிடம் நீ யார், உனக்குத் தகுதி உண்டா என்று கேட்க வேண்டியதில்லை. அம்மை ஊசிக்கு யார் வீட்டுப் பிள்ளை என்ற கணக்கு கிடையாது. ஒரு பிள்ளையை விட்டால் அடுத்த தெருப் பிள்ளைக்கும் வரும். சென்னை மாகாணம் 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்ததும், மருத்துவத் துறைக்குப் பக்கத்தில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் வைத்திருந்ததும் இந்தப் புத்தியால்தான் என்பது அவர் கட்சி. நான் ரேடியேட்டரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அல்மாட்டியைக் கொண்டாடிவிட்டுப் போய்விடவும் முடியாது. தில்லியின் புகைமூட்டத்திலிருந்து, காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தொட்ட ஒரு வாரத்திலிருந்து, தப்பித்துப் போகிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது. இறங்கிய மறுநாள் காலை தொண்டை கரகரத்தது. தெரு விளக்குகளைச் சுற்றி அதே மஞ்சள் மங்கல். மலையடிவாரக் குழிவில் உட்கார்ந்திருக்கும் ஊர். குளிர்காலத்தில் காற்று அசையாது, மேலே வெப்பக் காற்று மூடிபோல் படுத்துக்கொள்ளும். கீழே வண்டிப் புகை, தனி வீடுகளின் நிலக்கரி அடுப்புப் புகை, எல்லாவற்றுக்கும் மேலே நமக்கு வெந்நீர் அனுப்புகிற அதே அனல்மின் நிலையத்தின் புகை.

12ஆம் எண் பேருந்தில் ஏறினால் சில்லறைக் காசில் மெடேவு வரை போகலாம். கடல்மட்டத்திலிருந்து 1,691 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனிச்சறுக்கு மைதானம். ஸ்கேட்டிங் வாடகையைக் கேட்டுவிட்டு, பேசாமல் அணைக்கு ஏறும் 842 படிகளைத் தேர்ந்தெடுத்தோம். அது இலவசம். மலையிலிருந்து உருண்டு வரும் சேற்று வெள்ளத்தைத் தடுப்பதற்காகக் கட்டிய அணை. மலைச்சரிவையே வெடிவைத்துச் சரித்து அடித்தளம் போட்டார்கள். 1973இல் வந்த பெரும் சேற்று வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி நகரத்தைக் காப்பாற்றியது. உச்சியில் வானம் நீலம் என்றால் அப்படியொரு நீலம். கீழே நகரம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டையான பரப்பு. ஒரு கட்டடமும் தெரியவில்லை. நண்பர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நம்ம ரூமு அதுக்குள்ளதான் கிடக்கு" என்றார்.

அந்த அறையைச் சூடாக்கிய நிலக்கரி எகிபாஸ்துஸிலிருந்து வருவது. நாட்டின் வடகிழக்கில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சுரங்க ஊர். ரஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சின் கைதியாக இருந்த முகாம்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அங்கே அவர் செங்கல் அடுக்கிய அனுபவம்தான், 1962இல் வெளிவந்த 'இவான் டெனிசோவிச்சின் வாழ்க்கையில் ஒரு நாள்' நாவலுக்குள் போனது. அந்த நாவலின் கைதிகள் உறைபனியில் கட்டிக்கொண்டிருப்பது ஒரு மின் நிலையச் சுவர். படித்தபோது எனக்கு அது வெறும் இடமாகத்தான் பட்டது. சூட்டைப் பொதுவாக்கிய அரசும் மனிதர்களைக் குளிரில் நிறுத்திச் சாகடித்த அரசும் ஒன்றுதான் என்பதை அந்த வார்ப்பிரும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது, கை தானாகப் பின்னால் வருகிறது. அல்மாட்டியின் பச்சைச் சந்தையில் வரிசையாக உட்கார்ந்து காரட் ஊறுகாய் விற்கும் கொரியப் பெண்களின் தாத்தா பாட்டிகளும் 1937இல் ஸ்டாலின் ரயிலேற்றி நாடுகடத்திய லட்சத்துச் சொச்சம் பேரில் அடக்கம். அந்த ஊறுகாய்தான் அந்தச் சந்தையில் சைவக்காரருக்குக் கிடைத்த ஆகச்சிறந்த பண்டம்.

பொதுக் குழாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நின்றால் எல்லோருக்கும் நிற்கும். 2022 நவம்பர் கடைசியில் அதே எகிபாஸ்துஸில் அனல் நிலையம் பழுதாகி, மைனஸ் 30ஐ எட்டும் குளிரில் ஊரின் பெரும்பகுதிக்கு வெந்நீர் போகவில்லை. நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நாட்டின் பாதிக்கு நிலக்கரி தோண்டித் தரும் ஊர் வீட்டுக்குள் விறைத்துக் கிடந்தது. அதே ஆண்டு ஜனவரியில், எரிவாயு விலையை உயர்த்தியதில் தொடங்கிய போராட்டம் அல்மாட்டிக்கு வந்து நகர மன்றக் கட்டடம் எரிந்ததும், நாடு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்ததும் வேறு கதை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எகிபாஸ்துஸில் சூடு நின்றது தேசியச் செய்தியாயிற்று. அந்த மாகாணக் கவர்னரின் பதவி போனது. சூடு வர வேண்டியது, வராவிட்டால் யாரோ பதில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சனங்கள் நம்புகிறார்கள். தில்லியில் குளிர் என்பது வானிலை இலாகா பதில் சொல்கிற விஷயம்.

நக்கீரரின் நெடுநல்வாடையை, எல்லோரும் படிப்பது போலவே, பிரிவுத் துயரத்துக்காகத்தான் நானும் படித்துவந்தேன். திரும்பி வந்தபிறகு எடுத்துப் புரட்டினால், 188 அடிகளில் குளிர் எப்படிப் பங்குபோடப்படுகிறது என்பதுதான் கண்ணில் படுகிறது. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு மந்தையை ஓட்டிவந்த இடையர்கள் ஒரு நெருப்பைச் சுற்றிப் பலராய்க் குந்திக் கை காய்ச்சுகிறார்கள். மாடத்தில் சன்னல்களை அடைத்துவிட்டு, வாயகன்ற கனப்புச் சட்டியில் தணல் வைத்துக்கொள்கிறார்கள். கோடையின் விசிறி மூலையில் தொங்குகிறது, சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. அரசன் மட்டும் நடுச்சாமத்துத் தூறலில் பாசறைக்குள் நடந்து, காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். புலவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யார் எந்த நெருப்பின் முன்னால் என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தில்லியிலும் அந்த அடுக்கு அப்படியே இருக்கிறது. செங்கோட்டைக்குள் ஷாஜகான் கட்டிய ஹமாமில் அடியில் தீ மூட்டித் தண்ணீரையும் அறையையும் சூடாக்கினார்கள். இந்த ஊர் பார்த்த மையச் சூடேற்றம் அது ஒன்றுதான் போலிருக்கிறது, அதுவும் ஒரே ஒரு குடும்பத்துக்கு. இப்போது மேல்தட்டில் சூடும் தரும் ஏசி. நடுவில் ராடு ஹீட்டர், எண்ணெய் ஹீட்டர். கீழே அங்கீட்டி எனும் கரியடுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு அதை வைத்துத் தூங்கியவர்கள் விடியவில்லை என்ற செய்தி ஒவ்வொரு ஜனவரியும் உள்பக்கத்தில் வரும். அதற்கும் கீழே நடைபாதை. 2009 டிசம்பரில், பூசா சாலை ரவுண்டானாவில் இருந்த தற்காலிக இரவுக் காப்பகத்தை மாநகராட்சி இடித்துத் தள்ளியது. தில்லி உயர் நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட்டு, கூடுதல் காப்பகங்களைத் திறக்கச் சொன்னது. இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் யமுனைக் கரையிலும் மேம்பாலங்களுக்கு அடியிலும் கூடாரங்கள் முளைக்கின்றன. ரேன் பசேரா என்பார்கள். கம்பளி உண்டு. சூடு கிடையாது.

எங்கள் காலனி விஷயத்துக்கு வருகிறேன். காற்று மாசைக் கட்டுப்படுத்தும் கிராப் விதிகளின் இரண்டாம் கட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கட்டாயம் தர வேண்டும். காவலாளிக்குக் குளிருமே என்ற கரிசனம் இல்லை, அவர் சருகையும் அட்டையையும் எரித்துப் புகை போடக் கூடாது என்பதற்காக. காரணம் எதுவானால் என்ன, ஹீட்டர் வந்தது. வாசல் தகரக் கூண்டில் பிளக் பாயிண்ட் இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. கீழ்வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுக்கலாம் என்று செயலாளர் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். ஆயிரம் வாட், இரவுக்குப் பத்து மணி நேரம், பத்து யூனிட், மாதம் 300. தில்லியில் 2019 ஆகஸ்டிலிருந்து மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை, 400 வரை பாதி மானியம். காவலாளியின் சூடு ஒன்றே அவருடைய இலவசத்தைத் தின்றுவிடும். அவர் சொன்னதில் தப்பில்லை. பொது மீட்டர் பின்பக்கம், மோட்டார் அறையில் இருக்கிறது. அங்கிருந்து வாசலுக்கு வயர் கொண்டுவர இரண்டு பேர் கார் நிறுத்தும் இடத்தைத் தோண்ட வேண்டும். கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். அந்நேரம் முழுக்கக் காவலாளி வாசலில் பழப்பெட்டிப் பலகையை எரித்துக்கொண்டிருந்தார். பேசிவிட்டுப் போகிற வழியில் செயலாளரும் நானும் அதில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டோம்.

நண்பர் நாங்குநேரியிலிருந்து போன் செய்தபோது இதைச் சொன்னேன்.

"பிளக் வச்சாச்சாவே?"

"சங்கராந்தி கழியட்டும், பேசலாம்ங்காங்க."

"அதுக்குள்ள குளிரு போயிரும்லா?"

"அதான் கணக்கு" என்றேன்.